பதினேழு கோடுகள்

"என்னடி, மறுபடியும் எழுதச் சொல்லிட்டாங்களா?"

சிபிடி படிக்கப் போகிறேன் என்றதும் தோழி பதறிப்போய்க் கேட்டது இது. அவள் பதறியதில் தப்பில்லை. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வரும் நர்ஸ்கள் இங்கே பதிவு செய்ய கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதற்கும் சிபிடி என்றுதான் பெயர். நான் சொன்னது வேறு சிபிடி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை. ஈழத்தமிழர்கள் அறிகை நடத்தைச் சிகிச்சை என்பார்கள். ஒரு வருடப் படிப்பு, முதுநிலைப் பட்டயம். முடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இதே படிப்பில் சேரலாமா என்று கேட்டு மாதம் இரண்டு பேராவது எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லியதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் பின்னணி இதுதான். திருச்சிக்காரி. சென்னையில் பி.எஸ்சி நர்சிங். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போன நாட்களில்தான் இந்தத் துறை பிடித்துப்போனது, எம்.எஸ்சியில் மனநல நர்சிங் எடுத்தேன். அப்புறம் லண்டனில் ஒரு மனநல வார்டில் ஐந்து வருடம். 2021 அக்டோபரில் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, பேச்சு என்பது எனக்குக் கைவந்த கலை என்று நம்பிக்கொண்டுதான் போனேன்.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பல்கலைக்கழகம், மூன்று நாள் என்எச்எஸ் என்ற அரசுச் சுகாதாரச் சேவையின் கிளினிக். கட்டணம் நாம் கட்டுவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறோம், அங்குள்ள சம்பளப் படிநிலையில் படிக்கும்போது பேண்ட் 6, முடித்தால் பேண்ட் 7. இவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது என்றால், பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் சேர்ந்து அரசாங்கத்திடம் வைத்த வாதத்திலிருந்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முறையான சிகிச்சை கொடுத்தால் அந்தச் செலவு நாட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்றார்கள். 2006இல் டான்காஸ்டரிலும் லண்டன் நியூஹாமிலும் முன்னோட்டம் பார்த்துவிட்டு 2008இல் இங்கிலாந்து முழுக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் சிகிச்சையாளர்கள் வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காக வடிவமைத்த படிப்பு இது. ஆகவே வேகம் அதிகம். மூன்றாவது வாரமே ஆள் எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த முதல் சில வாரங்களில் எனக்கு வந்தவர் ஓர் இளைஞர், கிடங்கில் வேலை. (இதில் வரும் எல்லோருடைய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், சிலரை ஒன்றாகக் கலந்துமிருக்கிறேன்.) திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், மாரடைப்பு என்று நினைத்து மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். மூன்று முறையும் இசிஜி சுத்தம். என்னிடம் வந்து, "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்றார். "ஆகாது, பயப்படாதீங்க, இசிஜி நன்றாக இருக்கிறது" என்றேன். அவர் முகம் தெளிந்தது. பத்து நிமிடம் கழித்து அதையே வேறு சொற்களில் கேட்டார். நானும் வேறு சொற்களில் அதையே சொன்னேன். அந்த அமர்வு முடிந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இந்தப் படிப்பில் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு டேப் என்று பெயர். சூப்பர்வைசர் என் டேப்பைக் கேட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நீ ஆறுதல் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடு" என்றார். வீட்டுக்குப் போய்ப் போட்டேன். ஐம்பது நிமிடத்தில் பதினேழு கோடு.

நர்ஸுக்கு ஆறுதல் சொல்வதுதானே தொழில்? ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றால் கையைப் பிடித்து "ஒன்றும் இல்லை, நான் இருக்கிறேன்" என்போம். அது அங்கே சரி. ஆனால் அந்த இளைஞருக்கு இருந்த பீதி நோயில் கதை வேறு. 1986இல் கிளார்க் எழுதிய மாதிரிப்படி (ஒரு நோய் எப்படித் தொடர்கிறது என்று காட்டும் விளக்கத்தை மாதிரி என்போம்), சாதாரண உடல் உணர்வை ஆபத்தென்று தப்பாகப் படிப்பதுதான் அங்கே சிக்கல். படபடப்பு வருகிறது, மாரடைப்பு என்று நினைக்கிறார், அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுகிறது. தப்பிக்கச் சுவரைப் பிடிக்கிறார், உட்கார்கிறார், தண்ணீர் குடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏன் ஆகவில்லை என்பதற்கு அவர் கண்டுபிடிக்கும் காரணம், 'நல்லவேளை, உட்கார்ந்துவிட்டேன்' என்பது. என் ஆறுதலும் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மாதிரி இன்னொன்று. வாராவாரம் வந்து நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்.

மாதிரியை வகுப்பில் படித்தபோது எனக்குப் புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். உண்மையில் புரிந்தது வகுப்பில் எங்களையே எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் வேகவேகமாக மூச்சுவிட வைத்தபோது. ஒன்றரை நிமிடத்தில் உதடு மரத்தது, விரல் நுனி கூசியது. நான் என்னை அறியாமல் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தேன். விரிவுரையாளர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். பிடித்ததைப் பிடித்த பிறகுதான் கவனித்தேன், அதுதான் எனக்குப் பாடம்.

அப்புறம் அந்த இளைஞரின் குடும்ப மருத்துவரிடம் கேட்டு, இதயம், வலிப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அவரோடு சேர்ந்து அதையே செய்தேன். முதலில், "உட்காரவில்லை என்றால் விழுந்துவிடுவேன் என்பதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்?" என்று கேட்டேன். எண்பது என்றார். சுவரைத் தொடாமல், பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நின்றார். விழவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த மௌனத்தைப் போலக் கஷ்டமான வேலையை வார்டில்கூடச் செய்ததில்லை. "பார்த்தீங்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அப்ப இத்தனை நாள் நான் உட்கார்ந்தது எதுக்கு?" என்றார். அடுத்த வாரம் எங்கள் கட்டடத்தின் நான்கு மாடிப் படிகளை இருவரும் ஓடி ஏறினோம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

1993இல் லண்டன் மாநாடு ஒன்றில் உளவியலாளர் கிறிஸ்டின் பாடெஸ்கி ஆற்றிய உரையைப் பற்றி எங்களுக்குச் சொன்னார்கள். நாம் கேள்வி கேட்பது எதிரில் இருப்பவர் மனதை மாற்றவா, அவரே கண்டுபிடிக்க வழிவிடவா என்பது அவர் எழுப்பிய கேள்வி. பதில் தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வி நம் ஊர் வாத்தியார் கேள்வி. 'அப்படி நினைப்பது சரியா, சொல்லுங்க?' என்று நான் கேட்டதெல்லாம் அந்த ரகம்தான். கேள்விக்குறி போட்ட அறிவுரை.

டேப்பை மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு. பன்னிரண்டு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண், மொத்தம் 72, தேற 36 வேண்டும். அஜெண்டா போட்டாயா, நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தினாயா, உணர்ச்சியை வெளிக்கொண்டு வந்தாயா, முக்கியமான எண்ணத்தைப் பிடித்தாயா, வீட்டுப்பாடம் சேர்ந்து முடிவு செய்தீர்களா என்று போகும். முதல் டேப்பில் எனக்கு 29. ஃபெயில். பன்னிரண்டு வருட அனுபவத்துக்கு 29 என்று அன்றைக்கு ரயிலில் அழுதுகொண்டே போனேன். என் வகுப்பில் அனுபவசாலிகள் பலருக்கும் இதே கதி. நேராகப் பட்டம் முடித்து, லேசான பாதிப்புகளுக்கு உதவும் கீழ்நிலைச் சிகிச்சையாளராக இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் எளிதாகத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு மறக்க வேண்டியது குறைவு.

29ஐ எப்படி ஏற்றினேன் என்று கேட்பவர்களுக்கு: டேப் முழுவதையும் கேட்க ஆசைப்படாதீர்கள், முடியாது, உங்கள் குரலே உங்களுக்கு வெறுத்துவிடும். பத்து நிமிடம் எடுத்து, ஒரே ஓர் அம்சத்தை மட்டும் பாருங்கள். ஒரு வாரம் அஜெண்டா, மறுவாரம் சுருக்கிச் சொல்வது. நான் ஆறு வாரமும் ஆறுதல் கோடு மட்டும்தான் போட்டேன். சூப்பர்விஷனுக்குப் போகும்போது, நன்றாக வந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்காட்டும் சபலம் வரும். மோசமான ஐந்து நிமிடத்தைக் கொண்டுபோங்கள். கூச்சம் இரண்டு தடவைதான் இருக்கும்.

இப்போது அன்ரியின் கதை. (ஆன்ட்டியை ஈழத்தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.) இதைச் சொல்லாமல் என் படிப்பைப் பற்றி எழுத முடியாது.

நான் வேலை செய்த கிளினிக்கில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தமிழ்ப் பெயரோடு ஒரு கேஸ் வந்தால் நேராக என் மேசைக்கு. கேட்க நல்ல ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். சிக்கல் என்னவென்றால், பல்கலைக்கழகத்தில் டேப்பைத் திருத்துபவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் செய்த அமர்வை மதிப்பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுத்தால் சூப்பர்விஷனுக்கு ஆகும், அவ்வளவே. இதை நான்காவது மாதம்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: எந்த மொழி டேப் செல்லும், மொழிபெயர்க்க நேரம் ஒதுக்குவார்களா என்று. எழுத்தில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். மகன் பின்னிரவில் வேலை முடிந்து வரும்வரை தூங்காமல் ஐந்து, ஆறு முறை போன் செய்வார். தீராத கவலை என்று எனக்கு அனுப்பியிருந்தார்கள். "யோசிச்சு யோசிச்சு நித்திரையே வருகுதில்லை பிள்ளை" என்றார். எனக்கு யோசனை என்றால் சிந்தனை. அவருக்கு யோசனை என்றால் கவலை. இந்த வித்தியாசம் தெரியாமல் முதல் அமர்வு முடிவில், "இந்த வாரம் நாம பேசினதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அன்ரி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "யோசிக்கிறதை நிப்பாட்டத்தானே பிள்ளை இங்க வந்தனான்?"

ஒரே மொழிதானே என்ற நினைப்பில் நான் இருந்தேன். அன்றிலிருந்து அவர் சொல்லை அவர் சொல்லாகவே தாளில் எழுதினோம். நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது அவருக்கு அபத்தமாக இருந்தது, ஆகவே அளவையும் அவரே தந்தார்: கொஞ்சம், அரைவாசி, முக்கால்வாசி, முழுக்க. சூப்பர்வைசருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

கவலை எதற்கு உதவுகிறது என்று கேட்டபோது அன்ரி சொன்ன பதில் எந்தப் பாடநூல் விளக்கத்தையும்விட எனக்குத் தெளிவாக இருந்தது. "நான் யோசிக்காட்டி வேற ஆர் யோசிக்கிறது?" கவலைப்படுவது அன்பு, கவலைப்படாத தாய் தாயில்லை. இதை விடச் சொன்னால் எதை விடச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும்.

கவலை நோய்க்கான மாதிரி கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். படம் வரைந்து அம்புக்குறி போட்டு நான்கு அமர்வு ஓட்டினேன். மதிப்பெண் அசையவில்லை. இந்தச் சேவையில் ஒவ்வொரு அமர்விலும் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும்: மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி, 27க்கு, பதற்றத்துக்கு ஏழு கேள்வி, 21க்கு. பதற்றத்தில் 8க்குக் கீழே வர வேண்டும். அன்ரி 17லேயே நின்றார். சூப்பர்விஷனில் சொன்னேன், இவர் வீட்டுப்பாடம் சரியாகச் செய்வதில்லை என்று. சூப்பர்வைசர் கேட்டார்: "அவருடைய பயம் எந்தக் காலத்தில் நடக்கிறது? இனிமேலா, ஏற்கெனவேயா?"

அடுத்த அமர்வில் கேட்டேன். 1990இல் அன்ரியின் தம்பி சைக்கிளில் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை. இதைச் சொல்லிவிட்டு, "நீர் கேக்கேல்லையே பிள்ளை" என்றார். ஐந்தாவது அமர்வு அது. மதிப்பீட்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஈழத்திலிருந்து வந்த, அந்த வயதுடைய ஒருவரிடம் நான் கேட்காமல் விட்டது என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் அல்ல. எனக்குக் கேட்கத் தயக்கம். கேட்டால் என்ன சொல்வாரோ, அதற்கு என்னிடம் ஆறுதல் இருக்காதே என்ற தயக்கம்.

அதற்கப்புறம் வேலை மாறியது. உளவியலாளர் ஏலர்ஸும் அதே கிளார்க்கும் 2000இல் எழுதிய, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கான மாதிரியில் 'அப்போது, இப்போது' என்று பிரித்துப் பார்க்கும் ஓர் உத்தி உண்டு. முழு நோய் அன்ரிக்கு இல்லை, ஆனால் இந்த உத்தி பொருந்தியது. தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் அப்போது: போன் இல்லை, ஊரடங்கு, செக்பாயின்ட், ஆளைத் தேடிப் போக வழியில்லை. மறுபக்கம் இப்போது: மகன் வண்டி ஓட்டும்போது போனைச் சத்தமில்லாமல் வைப்பான், ரோட்டில் நெரிசல், வேலையில் மேலதிக நேரம். மகன் போன் எடுக்காத இரவுகளில் அன்ரி அந்தத் தாளை எடுத்து வாசிக்க வேண்டும். பிறகு போன் செய்வதை ஆறிலிருந்து நான்கு, இரண்டு என்று குறைத்துப் பார்த்தோம். சிகிச்சை முடிந்தபோது 17 என்பது 9. எட்டுக்குக் கீழே வரவில்லை, ஆகவே கணக்குப்படி அவர் குணமானவர் இல்லை. பன்னிரண்டு மணிக்குத் தூங்கிவிடுகிறார் என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

அன்ரியிடம் கற்ற இன்னொன்று. அமர்வு முடிவில் 'இன்றைக்கு எப்படி இருந்தது, பிடிக்காதது ஏதாவது உண்டா' என்று கேட்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. நம் ஆட்களிடம் கேட்டால் என்ன பதில் வரும்? "நல்லாயிருந்தது பிள்ளை." எட்டு வாரமும் அதே. பிறகு கேள்வியை மாற்றினேன்: "இன்றைக்கு நான் சொன்னதில் எது உங்களுக்கு ஒத்துவரவில்லை? ஒன்றாவது இருக்கும், கட்டாயம் சொல்லணும்." ஒன்பதாவது வாரம் வந்தது. "நான் தம்பியைப் பற்றிக் கதைக்கேக்க நீர் மணிக்கூட்டைப் பாத்தனீர். எனக்குப் பிடிக்கேல்லை." ஆமாம், பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னிடம் கோபப்பட முடிந்த நாள் என்று அதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுத் தாளில் ஒன்பதாவது கேள்வி அது. ஆங்கிலத்தில் நேராகக் கேட்கப் பழகியிருந்த நான், தமிழில் கேட்கும்போது மட்டும் "தப்பான எண்ணம் ஏதாவது வருதா?" என்று சுற்றிவளைத்தேன். தப்பு என்று நானே சொல்லிவிட்ட பிறகு யார் ஆமாம் என்பார்கள்? மொழிபெயர்த்துக் கொடுத்த தாளைப் பார்த்த சூப்பர்வைசர்தான் இதைப் பிடித்தார், தமிழ் தெரியாமலே. இப்போது "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று குரலை மாற்றாமல் கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும், கடைசியில் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று.

மற்றவை அலுவல் விஷயங்கள், வேகமாகச் சொல்கிறேன். அங்கீகாரம் தரும் அமைப்பின் கணக்கு நான் படித்தபோது இது: குறைந்தது எட்டுப் பேரை மதிப்பீட்டிலிருந்து முடிவுவரை பார்க்க வேண்டும், அதில் மூன்று பேரை நெருக்கமான மேற்பார்வையில். 200 மணி நேரச் சிகிச்சை, 40 மணி நேர சூப்பர்விஷன், நான்கு கேஸ் கட்டுரை. எட்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியும். பாதியில் நிற்பவர்கள், வேலை மாறிப் போகிறவர்கள், வராமலே போகிறவர்கள் என்று கழித்தால், நான் பதினான்கு பேரைத் தொடங்கித்தான் ஒன்பது பேரை முடித்தேன். ஆகவே கிறிஸ்துமஸுக்கு முன்பே எண்ணிக்கையை நிரப்பிவிடுங்கள். மணிக்கணக்கை வெள்ளிக்கிழமைதோறும் எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் வகுப்பில் ஒருவருக்கு ஜூலையில் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார், கையெழுத்துக்காக அவர் அலைந்த அலைச்சல் தனிக்கதை. பதற்றத்திலும் மனச்சோர்விலும் தெளிவான கேஸ்களைக் கேட்டு வாங்குங்கள். 'உங்களுக்கு அனுபவம் இருக்கிறதே' என்று சொல்லிச் சிக்கலானதைத் தள்ளப் பார்ப்பார்கள், படிக்கும் வருடத்தில் அந்தப் புகழ்ச்சிக்கு மயங்க வேண்டாம். முதல் பருவம் ஓடிக்கொண்டிருந்தபோது, நவம்பர் 1ஆம் தேதி, இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக் நூறு வயதில் இறந்தார். அன்றும்கூட எங்களுக்குக் கேஸ் கட்டுரை கெடு மாறவில்லை.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற்றிருந்தாலும் இங்கே அந்தப் பெயரில் வேலை செய்யத் தனியாகப் பதிவு வேண்டும். மனநல நர்ஸ், சமூகப் பணியாளர் போன்ற அடிப்படைத் தொழில் இல்லாதவர்கள் தங்கள் அறிவையும் திறனையும் காட்டும் ஆவணத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் லண்டன் வந்தால்தான் கற்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. சென்னையிலும் மதுரையிலும் இரண்டு நாள் சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுபவர்களைப் பார்க்கிறேன். அதில் கிடைக்காத ஒன்று, உங்கள் அமர்வை இன்னொருவர் கேட்டுத் திருத்துவது. நான்கு பேர் சேர்ந்து, வருகிறவரின் எழுத்துபூர்வ அனுமதியோடு பதிவு செய்து, பாதுகாப்பாக வைத்து, மாதம் ஒருமுறை ஒருவர் டேப்பை மற்றவர் கேளுங்கள். நான்கு பேரில் ஒருவராவது மூத்தவராக இருக்கட்டும்.

நான் கடைசி டேப்பில் 47 வாங்கித் தேறினேன். இப்போது வேறொரு கிளினிக்கில் இருக்கிறேன். மாதம் ஒரு டேப்பில் பத்து நிமிடம் எடுத்துக் கோடு போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. போன மாதம் மூன்று கோடு. அதில் இரண்டு, பழைய புத்தி. மூன்றாவது, மனைவி இறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒருவரிடம் சொன்னது. அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். கோட்டை அழிக்கவில்லை, ஆனால் அங்கே இன்னொரு தடவை உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வேன்.